டிராக்டர் பிளேட்டும் என் சிவப்பு ஸ்விஃப்ட்டும்

ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் எல்லாரும் வண்டியை ஓரங்கட்டி, கீழே தெரியும் அணையைப் படம் எடுப்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், நான் போய்ச் சேராமல் ஆசாரி கையில் ஊசியை எடுக்க முடியாது. வண்டியில் நான், மனைவி, மகள், அப்பா, அம்மா என ஐந்து பேர். டிக்கியில் சீர்ச் சாமான், ஒரு வாழைத்தார், வேண்டாம் என்று சொல்லியும் அம்மா ஏற்றிய தேங்காய் மூட்டை.

முன்னால் ஒரு லாரி. எதிரே பஸ் இறங்கும்போதெல்லாம் லாரிக்காரர் வளைவிலேயே நிறுத்திவிடுவார். நானும் பின்னாலேயே ஏற்றத்தில் நிற்பேன். ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. பாதி கிளட்ச்சில் வண்டியை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவதில் எனக்கு ஒரு பெருமை. பத்துப் பதினைந்து வளைவு போயிருக்கும். கயிறும் முடியும் சேர்ந்து கருகுவது போல ஒரு வாசம்.

"ஏனுங்க, என்னமோ தீயற வாசம் வருதுங்க" என்றாள் மனைவி.

"லாரியோட கிளட்ச்சு. ஓவர் லோடு ஏத்தியிருப்பாங்க."

இருபதைத் தாண்டி ஓர் இடத்தில் லாரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். நன்றியாக ஒரு ஹார்ன் அடித்துவிட்டு முந்தினேன். லாரி பின்னால் போய்விட்டது. வாசம் எங்களோடு வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. அப்பா மட்டும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

அப்புறம்தான் இன்ஜின் சுற்றுகளைக் காட்டுகிற ஆர்பிஎம் மீட்டரைப் பார்த்தேன். இரண்டாவது கியர், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முள் 4,000-ஐத் தொடுகிறது, வண்டி மாட்டு வண்டி வேகத்தில் போகிறது. இன்ஜின் கத்துகிறது, சக்கரத்துக்கு அது கேட்கவில்லை. அதற்குப் பெயர்தான் ஸ்லிப். காலைப் பாதியாகத் தூக்கி, பூனை போல ஏற்றி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். காதுகுத்து முடிந்தது. குழந்தை அழுததைவிட நான் உள்ளுக்குள் அதிகம் அழுதேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2006 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், சிவப்பு. இந்த வண்டி இந்தியாவுக்கு வந்தது 2005-இல். அதே ஆண்டுதான் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டப் போனார், முதல் இந்தியராக. அப்போது கோயம்புத்தூரில் டிவிஎஸ் 50 வைத்திருந்தவன்கூட வளைவில் சாய்ந்துதான் திரும்பினான். நானும் அந்தக் காய்ச்சலில் வளர்ந்த ஆள். வண்டி வாங்கக் காசு வந்தபோது 2014 ஆகிவிட்டது, அதனால் திருப்பூரில் இருந்து செகண்ட் ஹேண்டாக வந்தது. 1,298 சிசி, 87 குதிரை சக்தி, 113 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இன்றைய டர்போ வண்டிகளுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு டன் அளவுக்குத்தான் எடை, நான்கு சக்கரமும் நான்கு மூலையில், ஸ்டீயரிங்கைத் தொட்டால் மூக்கு திரும்பும். 2010-இல் இதை நிறுத்திவிட்டு 1.2 லிட்டர் கே சீரிஸ் இன்ஜினைப் போட்டார்கள். மைலேஜ் பார்க்கிறவர்களுக்கு அது நல்லது. மேலே போகப் போகப் பாடுகிற இன்ஜின் வேண்டுமென்றால் பழைய 1.3-தான் என்று நான் இன்னமும் சண்டை போடுவேன்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று லேத், ஒரு டிரில்லிங், ஒரு பழைய மில்லிங். பம்பு ஷாஃப்ட்டுதான் முக்கிய ஜாப் ஒர்க். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் நடந்த தப்புகளில் பாதிக்கு அதுதான் காரணம். இரும்பைக் கடையத் தெரிந்தவனுக்கு எல்லா இரும்பும் தன் பேச்சைக் கேட்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும்.

வால்பாறையில் தெரிந்த கோளாறு வால்பாறையில் ஆரம்பித்ததல்ல. அதற்கு ஒரு மாதம் முன்னால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு டிராக் டே. ஃபார்முலா மாருதி கார்களைச் செய்து நம் பையன்கள் குறைந்த செலவில் ரேஸ் ஓட்ட வழி செய்த கரிவரதன் பெயரில் 2003-இல் திறந்த டிராக் அது. ஒரு சுற்று 2.1 கி.மீ. பணம் கட்டினால் சொந்த வண்டியை ஓட்டலாம். அன்றைக்கு மொத்தம் ஒரு பன்னிரண்டு நிமிடம் ஓட்டியிருப்பேன். அதற்கு முந்தின நாள் ஒரு நண்பர், "கிளட்ச்சை டைட் பண்ணிக்கோ மாப்ள, சும்மா தொட்டாப் பிடிக்கும், கியர் டக்குனு விழும்" என்றார். நானும் பானெட்டைத் திறந்து கேபிள் முனையில் இருக்கிற நட்டை நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

அங்கே என்ன நடக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. இன்ஜினோடு சுற்றுகிற கனமான சக்கரம் பிளைவீல். அதன்மேல் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளி அந்தப் பிடியை விடுவிக்கும். இந்த வண்டியில் கிளட்ச் கேபிளில்தான் வேலை செய்கிறது. பெடலுக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் நடுவே கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும், பெடலில் விரலால் அழுத்தினால் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் சும்மா இறங்க வேண்டும். 'ஃப்ரீ பிளே' என்பார்கள். அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் பேரிங், பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். அதாவது நான் ஓட்டாதபோதும் என் கால் கிளட்ச் மேலேயே இருந்த மாதிரி. போதாக்குறைக்குப் பிளேட் தேயத் தேய அந்த விரல்கள் பேரிங்கைப் பார்த்து நெருங்கி வரும், தளர்ச்சி தானாகவே குறையும். தேய்ந்த வண்டியில் நட்டைத் தளர்த்த வேண்டும். நான் முறுக்கினேன்.

கோயம்புத்தூர் திரும்பியதும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். என் பட்டறையில் இருந்து இரண்டு தெரு தள்ளி அவர் ஒர்க்‌ஷாப். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், நான்காவது கியரைப் போட்டார், கொஞ்சம் ரேஸ் கொடுத்துக் கிளட்ச்சை விட்டார். நல்ல கிளட்ச்சாக இருந்தால் இன்ஜின் குலுங்கி நின்றுவிட வேண்டும். என் இன்ஜின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"நிக்கமாட்டேங்குதுங்களே" என்றேன்.

"எப்படிங்க நிக்கும்? பிடிக்கறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லீங்க தம்பி. கியர் பாக்ஸ் எறக்கோணும்."

இறக்கினோம். பிளேட்டின் லைனிங், அதாவது உராய்வுப் பட்டை, தேய்ந்துபோய் ரிவெட் தலைகள் வெளியே எட்டிப் பார்த்தன. பிளைவீலில் நாணயம் அளவுக்கு நீலமாக, கருநீலமாகச் சூட்டுத் தழும்புகள். வேலை பார்க்கிற பையன் கம்ப்ரஸர் குழாயை எடுத்து உள்ளே இருந்த தூசியை ஊதப் போனான். அண்ணன் அவன் மண்டையில் ஒன்று வைத்து, ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார். முன்பெல்லாம் கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பார்கள், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இப்போது நல்ல பிளேட்டுகளில் அது கிடையாது. ஆனால் வண்டி எட்டு வருடம் திருப்பூரில் யாரிடம் என்ன பிளேட் மாட்டியதோ யாருக்குத் தெரியும் என்றார். சரியான பேச்சு.

"கம்பெனி செட்டே போட்டுக்கலாங்க. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். பிளைவீலைக் கிரைண்டிங் குடுத்துரலாம்" என்றார்.

அங்கேதான் எனக்குக் கெரகம் பிடித்தது. கியர் பாக்ஸ் எப்படியும் கீழே இறங்கிவிட்டது, கூலி 3,500 எப்படியும் போகப் போகிறது, பழையபடி அதே பிளேட்டைப் போடுவதா? ரேஸ் சாமான் விற்கிற ஒருவரிடம் போனில் பேசினேன். அவர் வெளியூர். "ஆறு பட்டன் செராமிக் பிளேட், கூட ஹெவி பிரஷர் பிளேட், இனி உங்க ஆயுசுக்கும் ஸ்லிப் ஆகாது" என்றார். 21,000 ரூபாய். வீட்டில் 11,000 என்று சொன்னேன்.

பார்சலைப் பிரித்ததும் மெக்கானிக் அண்ணன் பிளேட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கமான பிளேட்டில் லைனிங் வட்டமாக முழுக்க ஓடும். இதில் நடுவிலிருந்து ஆறு கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு.

"இது டிராக்டர் பிளேட்டுங்க தம்பி."

"டிராக்டர் இல்லீங்கண்ணா, ரேஸு."

"நம்ம தோட்டத்து டிராக்டர்ல இதேதானுங்க இருக்குது. பட்டன் பிளேட்டு. உழவு ஓட்டறதுக்குச் சரி."

அவர் சொன்னது நிஜம். எத்தனையோ டிராக்டர்களில் இந்தப் பட்டன் வகைதான். சூடு தாங்கும், சீக்கிரம் தேயாது. ஆனால் சாதாரண பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கு நடுவே அலை அலையாக மெல்லிய தகடு ஒன்று இருக்கும். காலை எடுக்கும்போது அது மெத்தை மாதிரி அமுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். எனக்கு வந்த பிளேட்டில் அந்த மெத்தை இல்லை. பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும். நடுவில் ஒன்றும் கிடையாது.

இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை அன்றைக்குப் போட்டிருந்தால் 21,000 மிச்சம். கிளட்ச் எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பதற்கு நான்கு எண்ணைப் பெருக்கினால் போதும்: லைனிங்கின் உராய்வு, பிரஷர் பிளேட் அழுத்துகிற விசை, பிளேட்டின் சராசரி ஆரம், இரண்டு முகம் என்பதால் இரண்டு. வண்டி செய்கிறவர்கள் இன்ஜின் தருகிற முறுக்கைவிட நன்றாகவே கூட வைத்துத்தான் கிளட்ச்சைச் செய்கிறார்கள். என் இன்ஜினில் மாற்றியது காற்று ஃபில்டர் மட்டும். அதே 113-தான். டர்போ போட்டு முறுக்கை ஏற்றிவிட்டுக் கிளட்ச் தாங்கவில்லை என்றால் பெரிய பிளேட்டுக்கு அர்த்தம் இருக்கிறது. நான் உராய்வையும் கூட்டினேன், அழுத்தத்தையும் கூட்டினேன், தாங்க வேண்டிய முறுக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் வாங்கியது இரும்பில் செய்த பெருமை.

பிளைவீல் விஷயத்தில் இன்னும் மோசம். கிரைண்டிங்குக்கு வெளியே கொடுப்பதா, அதுவும் மூன்று லேத் வைத்திருக்கிறவன்? பட்டறைக்குத் தூக்கி வந்து நான்கு தாடைச் சக்கில் மாட்டி, டயல் வைத்து நேர் பார்த்து, கார்பைடு டூலில் முகத்தை மட்டமாகச் சீவி ஃபேஸிங் போட்டேன். நீலத் தழும்பு வரும்போதெல்லாம் டூல் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. கேட்டும் கேட்காத மாதிரி விட்டேன். முடிந்ததும் கண்ணாடி மாதிரி மின்னியது. அதோடு நிறுத்தவில்லை. பின்பக்க விளிம்பில் ஒன்றேகால் கிலோ இரும்பைக் கடைந்து எடுத்தேன். எடை குறைந்த பிளைவீல் இருந்தால் இன்ஜின் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும், விளிம்பில் எடுக்கிற ஒவ்வொரு கிராமுக்கும் பலன் அதிகம். அதெல்லாம் உண்மைதான். வார்ப்பிரும்பைத் தன்னிஷ்டத்துக்குக் கடைந்துவிட்டு 6,000 ஆர்பிஎம்மில் சுற்றவிட்டால் அது விரிசல் விட்டு வெடிக்கவும் வாய்ப்பு உண்டு, அப்படி வெடித்தால் துண்டு பறக்கிற இடத்தில் என் கால் இருக்கிறது என்பதும் உண்மை. மில் ரோட்டரும் பம்பு இம்பெல்லரும் பேலன்ஸ் செய்கிற பட்டறை ஒன்றில் கொடுத்து டைனமிக் பேலன்ஸிங் செய்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கிற அளவுக்கு இல்லை.

எல்லாம் மாட்டிக் கரி டிராக்குக்குப் போனால், சொர்க்கம். பொய் சொல்லக் கூடாது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், முள் எகிறும், கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். காலை எடுத்த அந்தக் கணமே பிடிப்பு. அடுத்த பன்னிரண்டு நிமிடங்கள் நான்தான் நரேன்.

டிராக்கின் கேட்டைத் தாண்டி ஊருக்குள் வந்ததும் கூத்து ஆரம்பித்தது.

அப்போது அவிநாசி ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கி.மீ., இன்றைக்கு ஜி.டி. நாயுடு பெயரில் பாலம் மேலே ஓடுகிறது. அன்றைக்குக் கீழே சாலை பாதியாகச் சுருங்கி, லட்சுமி மில்ஸிலிருந்து ஹோப் காலேஜ் போக முக்கால் மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. அடிக்கு ஒரு முறை கிளட்ச். பெடலோ ஜிம்மில் கால் பயிற்சி செய்கிற கருவி மாதிரி. பாதிப் பிடிப்பு என்பதே இல்லாததால் ஒவ்வொரு முறையும் வண்டி தவளை மாதிரி குதிக்கும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். பிளைவீல் எடை குறைந்ததால் அணைவது இன்னும் சுலபம், முன்பு தாங்கிப் பிடித்த அந்தச் சுழல் எடை இப்போது இல்லையே. எங்கள் வீட்டு ஷட்டருக்கு ஒரு சின்ன ஏற்றம், ரிவர்ஸில் ஏற வேண்டும். அப்போது மொத்த வண்டியும் 'தடதடதட' என்று அதிரும், டேஷ்போர்டில் இருக்கிற பிள்ளையார் தலையாட்டுவார்.

மனைவிக்கும் இந்த வண்டிதான். பீளமேட்டில் ஒரு ஸ்கூலில் டீச்சர். முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் ராத்திரி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பதினோராயிரம் குடுத்து வாங்குனீங்களே, அது வண்டிக்குங்களா, எனக்குத் தண்டனைக்குங்களா?"

மூன்றாவது வாரம் ஸ்கூல் வேனில் போக ஆரம்பித்துவிட்டாள். நான் அப்போதும் "கால் பழகிரும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஹோப் காலேஜ் சிக்னல். கிளட்ச்சை மிதித்தேன், 'டப்'. பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கேபிள் அறுந்துவிட்டது. அதன்மேல் குற்றமே இல்லை. சாதாரண பிரஷர் பிளேட்டை இழுக்கச் செய்த கேபிளில் போய் டிராக்டரைக் கட்டினால் அது எத்தனை நாள் தாங்கும்? பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். டோ வண்டியைக் கூப்பிட்டால் அந்த நெரிசலில் விடிந்துவிடும்.

கிளட்ச் இல்லாமல் ஓட்ட ஒரு வழி உண்டு. சின்ன வயசில் அப்பாவின் அம்பாஸிடரில் அவர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு முதல் கியரைப் போட வேண்டும். அப்படியே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னால் தள்ளும், இரண்டு குதி குதித்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதுக்குப் போக, ஆக்ஸிலரேட்டரை லேசாக விட்டுக் கியரை நியூட்ரலுக்கு இழுத்து, இன்ஜின் வேகம் இறங்குகிற வரை ஒரு மூச்சு காத்து, இரண்டே விரலால் மெதுவாகத் தள்ளினால் தானே விழும். அவசரப்பட்டால் 'கர்ர்ர்' என்று கடிக்கும். பழக்கத்துக்கு இது ஆகாது, ஸ்டார்ட்டருக்கும் கியருக்கும் கேடு. அன்றைக்கு வேறு வழியில்லை. ஹஸார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டாவது கியரிலேயே உருட்டினேன். தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் அப்போதே வேகத்தைக் குறைத்து, அது பச்சையாகிற நேரத்துக்குப் போய்ச் சேர்கிற மாதிரி. நவ இந்தியாவில் திரும்பி ஆவாரம்பாளையம் வழியாகக் கணபதி. மொத்தம் நான்கு இடத்தில் நின்றுவிட்டுச் சாவியில் குதித்தேன். ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பன்னிரண்டு வருடம் ஓட்டிய ஓட்டில் அதுதான் என் மிகச் சிறந்த டிரைவிங். பார்க்க ஒருத்தர்கூட இல்லை.

மெக்கானிக் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். எதையும் சொல்லிக் காட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் திரும்பவும் கியர் பாக்ஸ் இறங்கியது, திரும்பவும் 3,500. பிளைவீலை வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் என் லேத் கர்வம் முழுசாக உடைந்தது. நான் கண்ணாடி மாதிரி கடைந்த முகத்தில், பழைய நீலத் தழும்பு இருந்த அதே இடங்களில் சின்னச் சின்ன மேடுகள் மினுமினுத்தன. ஸ்லிப் ஆகிக் கொதித்து, சட்டென்று ஆறும் இடத்தில் வார்ப்பிரும்பு கல்லாக இறுகிவிடும். லேத் டூல் மென்மையான இடத்தைச் சீவிவிட்டு, இறுகின இடத்தில் துள்ளி மேலே ஏறிப் போய்விடும். அந்த 'டிக் டிக்' அதுதான். கிரைண்டிங் கல் எதையும் பார்க்காது, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக அறுக்கும். அதனால்தான் அண்ணன் முதல் நாளே கிரைண்டிங் என்றார். மேட்டின் மேல் மெத்தை இல்லாத பிளேட் உட்கார்ந்தால் பிள்ளையார் தலையாட்டாமல் என்ன செய்வார்? இருபது வருடமாக இரும்போடு இருக்கிறேன், ஒரு சத்தத்தைக் கேட்டு நிறுத்தத் தெரியவில்லை.

இன்னொன்றையும் அண்ணன் காட்டினார். ஹெவி பிரஷர் பிளேட்டை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்தத் தள்ளு பிளைவீல் மாட்டியிருக்கிற இன்ஜின் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மேல் முன்பக்கமாக விழுகிறது. அதைத் தாங்குவது இரண்டு மெல்லிய த்ரஸ்ட் வாஷர்கள். ஷாஃப்ட் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் வைத்துப் பார்த்தோம், நல்ல வேளையாக அளவுக்குள் இருந்தது. "இன்னொரு வருசம் ஓட்டியிருந்தா இன்ஜினையும் எறக்கியிருக்கோணுங்க" என்றார்.

நான் கடைந்த பிளைவீலை இனி மாட்ட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். உக்கடம் பழைய சாமான் கடைகளில் அரை நாள் சுற்றி அதே மாடல் பிளைவீல் ஒன்றை 1,500-க்குப் பிடித்தேன். ஒரு சுத்தியல் நுனியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுத்தான் வாங்கினேன், மணி மாதிரி கணீரென்றது. விரிசல் இருந்தால் சட்டி மாதிரி சொத்தென்று கேட்கும். கிரைண்டிங் கொடுத்தோம். கம்பெனி செட் கிட்டத்தட்ட 6,000. புதுக் கேபிள். கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல் இரண்டையும் மாற்றிவிட்டோம். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அது கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டால் புதுப் பிளேட்டும் அதிரும், ஸ்லிப் அடிக்கும், சீலுக்காகவே மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

முதல் 500 கி.மீ. அடக்கி ஓட்டச் சொன்னார். பைபாஸில் ஒரே ஓட்டமாக ஓட்டி 500-ஐ முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அப்படி இல்லையாம். ஓடும்போது கிளட்ச் சும்மாதான் இருக்கிறது, பிடித்து விடும்போதுதான் லைனிங்கும் பிளைவீலும் ஒன்றோடொன்று படியும். ஊருக்குள் நின்று நின்று ஓட்டுகிற ஓட்டம்தான் கணக்கில் வரும். அதனால் வண்டியை மனைவியிடமே கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் பீளமேட்டுக்குப் போய் வந்து அவள்தான் படிய வைத்தாள்.

முதல் நாள் சாயங்காலம் வந்ததும் கேட்டேன், "எப்படி?"

"வண்டி மாதிரி இருக்குதுங்க" என்றாள். இரண்டாவது செலவு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். முதலாவது உண்மையில் எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

இப்போது கரிக்குப் போவதை விடவில்லை. அதே கம்பெனி கிளட்ச்சோடுதான் போகிறேன். என் சுற்று நேரத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, நல்ல டயருக்குச் செலவழித்த பிறகுதான் தெரிந்தது. போன மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு. காரவள்ளியிலிருந்து 70 வளைவு. ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் நான் அதை இழுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஏதோ ஒரு வளைவில் கருகல் வாசம் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓரங்கட்டி இறங்கிப் போய், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். நம்முடையது இல்லை. இந்த முறை நிஜமாகவே முன்னால் போன வண்டிதான்.

டிராக்டர் பிளேட்டும் ஹெவி பிரஷர் பிளேட்டும் பட்டறை அலமாரியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கின்றன. பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் இதே மாடல் ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறான், வெள்ளை. போன வாரம் போன் செய்து, "சித்தப்பா, அந்த ரேஸ் கிளட்ச்சை எனக்குக் குடுத்துருங்க, எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றான். காசே வேண்டாம், மாட்டிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க அம்மாவை ஹோப் காலேஜ் வரைக்கும் ஓட்டச் சொல்லு, அவங்க சரின்னா வெச்சுக்கோ என்றேன். அதற்கப்புறம் அவனிடமிருந்து போனே வரவில்லை.